கமிட்மெண்ட்டே வேண்டாம் என்றிருந்தேன், ஏற்காடு முகாமில் காதல் வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

கேள்வி இது, சுருக்கமாக:

"அக்கா, நான் சேலத்தில் பி.காம். இரண்டாம் வருடம். வேலைக்குப் போய்ச் சொந்தக் காலில் நிற்கும்வரை காதல், கமிட்மெண்ட் எதுவும் வேண்டாம் என்று பிளஸ் டூ முடித்தபோதே முடிவு செய்தவள். அம்மா கல்யாணத்துக்காக பி.எட். படிப்பைப் பாதியில் விட்டவர், இன்றும் அதைச் சொல்லி வருத்தப்படுவார். முதல் வருடம் நல்ல நண்பனாக இருந்த ஒருவன் புரொபோஸ் செய்தான், மறுநாளிலிருந்து அவனோடு என்னால் பேசவே முடியவில்லை. பிப்ரவரியில் ஏற்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் ஏழு நாள் என்.எஸ்.எஸ். முகாம். வேறு டிபார்ட்மெண்ட் பையன் ஒருவனோடு சர்வே எடுக்கப் போனேன். இறங்கி வந்து மூன்று மாதம் ஆகிறது, அவனை நினைக்காத நாளில்லை. அவன் வேறு சாதி. போன வாரம் 'நாம ரெண்டு பேரும் என்ன?' என்று கேட்டான். அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. மறுநாள் போனை ஆஃப் செய்துவிட்டேன். நான் மாறிவிட்டேனா? அவனை ஏமாற்றுகிறேனா? இன்னொரு முறை ஏற்காடு போய் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள் என்று தோழிகள் சொல்கிறார்கள்."

அக்கா என்று எழுதியிருக்கிறாய், அதனால் நீ என்றே பேசுகிறேன். நீ மாறிவிடவில்லை. அவனை ஏமாற்றவும் இல்லை. ஆனால் போனை ஆஃப் செய்ததை இந்த வாரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். ஏற்காட்டில் உட்கார்ந்து முடிவெடுக்கும் யோசனையை மட்டும் விட்டுவிடு. ஏன் என்று சொல்கிறேன்.

காதல் வந்துவிட்டால் கமிட்மெண்ட்டும் கூடவே வந்தாக வேண்டும் என்று நினைக்கிறாய். அதனால்தான் உனக்கு நீயே முரணாகத் தெரிகிறாய். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் 1986-ல் காதலை மூன்று கூறுகளாகப் பிரித்துக் காட்டினார்: நெருக்கம், வேட்கை, உறுதி. மூன்றும் ஒரே நேரத்தில் வருவதில்லை, ஒரே வேகத்தில் வளர்வதும் இல்லை. நம் வீடுகளையே பார். பெண் பார்த்து, தட்டு மாற்றி, நாள் குறித்து நடக்கும் கல்யாணத்தில் உறுதி முதல் நாளே வந்துவிடுகிறது. நெருக்கம் பிறகுதான் வரவேண்டும், சில வீடுகளில் வருகிறது, சில வீடுகளில் கடைசிவரை வருவதில்லை. உனக்கு இந்த வரிசை மாறி நடந்திருக்கிறது. நெருக்கம் முதலில் வந்துவிட்டது, வேட்கையும் இருக்கிறது, உறுதி வரவில்லை. இருபது வயதில் இது மிகச் சாதாரணமான நிலை. இதற்காகக் குற்ற உணர்வு கொள்ள ஒன்றுமில்லை.

அப்புறம், அவ்வளவு எச்சரிக்கையாக இருந்த உனக்கு இது எப்படி வந்தது? முகாமிலேயே பதில் இருக்கிறது. உன் காவலெல்லாம் முன்வாசலில் இருந்தது. எவனாவது வந்து "உன்னைப் பிடிச்சிருக்கு" என்று சொன்னால் கதவைச் சாத்த நீ தயாராக இருந்தாய், முதல் வருடத்தில் அதைத்தான் செய்தாய். இந்தப் பையன் அந்த வழியாக வரவே இல்லை. வீடு வீடாகப் போய் எத்தனை பேர், என்ன வருமானம், குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று நோட்டில் எழுதினான். பள்ளிக்கூடக் கட்டடத்தில் எல்லோருக்கும் சமைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்திருப்பான். காபிப் பழம் காயவைத்த களத்தில் ஒரு பாட்டி பேசிக்கொண்டே போனபோது அவசரப்படாமல் கேட்டுக்கொண்டு நின்றிருப்பான். மறுத்துச் சொல்வதற்கு அங்கே கேள்வியே இல்லை. மறுக்க ஒன்றும் இல்லாத இடத்தில் ஒருவரை நிதானமாகப் பார்க்க முடிந்தது. கமிட்மெண்ட் என்றால் ஓடுகிறவர்களுக்குக் காதல் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது: கூட வேலை செய்தவர், பக்கத்து சீட்டில் பயணம் செய்தவர், அரியருக்குச் சேர்ந்து படித்தவர்.

என்.எஸ்.எஸ். 1969-ல் தொடங்கியபோது யாரும் காதலை நினைத்து அதை வடிவமைக்கவில்லை. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை, நடுவில் ஒரு ஏழு நாள் சிறப்பு முகாம், அவ்வளவுதான் திட்டம். ஆனால் அந்த ஏழு நாளில், இரண்டு பேரை நெருங்கவைக்கும் என்று உளவியல் சொல்கிற பலதும் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. ஒரு முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதாலேயே அதன்மேல் விருப்பம் கூடுகிறது என்று ராபர்ட் ஸாயோன்க் 1968-லேயே ஆய்வுகளில் காட்டினார். 1997-ல் ஆர்தர் ஆரனும் அவர் குழுவினரும் முன்பின் தெரியாதவர்களை ஜோடி ஜோடியாக உட்காரவைத்து, மெல்ல மெல்ல ஆழமாகும் 36 கேள்விகளை ஒருவரிடம் ஒருவர் கேட்கச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம்தான். சும்மா ஊர்க்கதை பேசிய ஜோடிகளைவிட இவர்களுக்கு நெருக்கம் தெளிவாகக் கூடியிருந்தது. உங்களுக்கு முக்கால் மணி நேரம் இல்லை, ஏழு இரவுகள் இருந்தன. சிக்னல் சரியாகக் கிடைக்காத ஊரில் மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தானே பேசுவார்கள்.

அந்த மலையும் சேர்ந்துகொண்டது. டொனால்ட் டட்டனும் ஆர்தர் ஆரனும் 1974-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கனடாவில் கபிலானோ ஆற்றின்மேல் சுமார் 70 மீட்டர் உயரத்தில் ஆடும் தொங்குபாலம். அதில் வந்த ஆண்களிடம் ஒரு பெண் சில கேள்விகள் கேட்டுவிட்டு, ஆய்வு பற்றிப் பிறகு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கூப்பிடுங்கள் என்று போன் நம்பர் கொடுத்தார். வேறோர் இடத்தில், ஆடாத தாழ்வான பாலத்திலும் இதையே செய்தார். தொங்குபாலத்தில் நம்பர் வாங்கிய 18 பேரில் 9 பேர் கூப்பிட்டார்கள். தாழ்வான பாலத்தில் 16 பேரில் 2 பேர்தான். பயத்தால் அடித்துக்கொண்ட நெஞ்சை, அந்தப் பெண்ணால் அடித்துக்கொண்டதாக மனசு எடுத்துக்கொண்டது என்பது அவர்கள் தந்த விளக்கம். அதன்மேல் பின்னால் விவாதங்கள் வந்தன. ஆனாலும் உடம்பின் படபடப்பு ஈர்ப்பைக் கூட்டும் என்ற அடிப்படை வேறு பல சோதனைகளிலும் தெரிந்திருக்கிறது.

அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, காது அடைத்து, சேலத்து வெயில் சட்டென்று குளிராகி, கூட வருகிறவர் தரும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கடல் மட்டத்துக்கு 1500 மீட்டர் மேலே பனிமூட்டத்தில் நின்றுகொண்டு ஒருவரைப் பார்த்தால், கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும். அதனால்தான் முடிவெடுக்க மறுபடியும் அங்கே போக வேண்டாம் என்கிறேன். ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் உட்கார்ந்து கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டு யார் கேட்டாலும் சரி என்றுதான் வாயில் வரும். இது மே மாதம் வேறு. கோடை விழாக் கூட்டத்தில் நிம்மதியாகப் பேச ஓர் இடம்கூடக் கிடைக்காது, தெரிந்தவர்கள் நான்கு பேர் கண்ணில் படுவார்கள், திரும்பும்போது இருட்டில் பைக்கில் அந்த வளைவுகளில் இறங்க வேண்டியிருக்கும். சேலத்திலேயே பேசுங்கள். பட்டப்பகலில், வேர்த்துக் கொட்டும்போது, தட்டுவடை செட் கடைப் பக்கம் நின்றுகொண்டு பேசினால் போதும். அங்கேயும் அவனைப் பிடித்தால் அது அவனால் வந்த பிடித்தம்.

உண்மையில் அதற்கான சோதனை பாதி முடிந்தேவிட்டது. மலையால் வந்த மயக்கம் மட்டும் என்றால் மூன்று மாதம் நிற்பது கடினம். ஆனால் எத்தனை மாதம் நின்றது என்பதை மட்டும் வைத்து நான் எதையும் சொல்ல மாட்டேன். டோரதி டென்னவ் 1979-ல், விடாமல் ஒருவரையே நினைத்துக்கொண்டிருக்கும் காதல் மயக்கத்தைப் பற்றி எழுதினார். அந்த மயக்கம் எதைத் தின்று வளர்கிறது என்று பார்த்தால், நிச்சயமின்மையைத்தான். அவருக்கு நம்மைப் பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாமல் இருக்கும்வரை அது நீளும். போனை ஆஃப் செய்து அந்த நிச்சயமின்மையை நீயே அவனுக்குள் வளர்த்துக்கொண்டிருக்கிறாய் என்பதையும் யோசி. அவன் இப்போது உன்னையே நினைத்துத் தவிக்கிறான் என்றால் அதில் எவ்வளவு காதல், எவ்வளவு பதில் தெரியாத தவிப்பு என்று அவனுக்கே தெரியாது.

அதனால் நாள் கணக்கை விட்டுவிட்டு அவன் நடத்தையைப் பார். நீ ஒரு திட்டத்தை ரத்து செய்தால் என்ன செய்கிறான்? செமஸ்டர் ரிசல்ட் மோசமாக வந்த அன்று யார்மேல் எரிந்து விழுகிறான்? பஸ் கண்டக்டரிடம், டீக்கடைப் பையனிடம் எப்படிப் பேசுகிறான்? நீ எம்.காம். போக வேண்டும், வங்கித் தேர்வு எழுத வேண்டும் என்று சொன்னால் மேலே கேள்வி கேட்கிறானா, "பார்த்துக்கலாம்" என்று பேச்சை மாற்றுகிறானா? உன் அம்மாவின் கதையை வைத்துப் பார்த்தால் கடைசிக் கேள்விதான் உனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

இனி, உன்னைப் போனை ஆஃப் செய்யவைத்த அந்தப் பயம். இதைத்தான் நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வேறு வேறு பயங்கள் ஒரே முகத்தோடு வந்து நிற்கின்றன.

ஒன்று, நெருக்கத்தைக் கண்டே வரும் பயம். சிண்டி ஹேஸனும் ஃபிலிப் ஷேவரும் 1987-ல், குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பைப் பற்றி ஜான் பௌல்பி சொன்னதைப் பெரியவர்களின் காதலுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். டென்வர் நகரத்து நாளிதழில் கேள்விகளை அச்சிட்டுப் பதில் வாங்கினார்கள். பதில் அனுப்பியவர்களில் சுமார் 56 சதவீதம் பேர் நெருக்கத்தில் நிம்மதியாக இருப்பவர்கள், 19 சதவீதம் பேர் விட்டுப் போய்விடுவார்களோ என்று பதறுபவர்கள், 25 சதவீதம் பேர் நெருங்க நெருங்க விலகுபவர்கள். விலகுகிறவர்களிலும் இரண்டு வகை உண்டு என்று கிம் பார்த்தலோமியூவும் லெனார்ட் ஹோரோவிட்ஸும் 1991-ல் காட்டினார்கள். யாரும் தேவையில்லை என்று தள்ளி நிற்பவர் ஒரு வகை. நெருக்கம் வேண்டும், ஆனால் காயப்படுவோம் என்று பயப்படுபவர் இன்னொரு வகை. சந்தோஷமாக இருந்த நாளுக்கு மறுநாள் போனை ஆஃப் செய்தாய் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்தபோது இரண்டாவது வகைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. இதை நோய் என்று நினைத்துவிடாதே. நெற்றியில் எழுதி ஒட்டியதும் இல்லை, நம்பத் தகுந்த ஒருவரோடு பழகப் பழக இது மாறும்.

இதைக் கண்டுபிடிக்க நேரத்தைக் கவனி. நன்றாகப் போன ஒரு நாளுக்கு அடுத்த நாள் அவன் சிரிப்பு பிடிக்காமல் போகிறதா, அவன் செருப்பு, அவன் இங்கிலீஷ், அவன் அனுப்பும் ஸ்டிக்கர் எல்லாம் திடீரென்று எரிச்சல் தருகிறதா? நெருக்கம் கூடியதும் குறை தேடுவது இந்தப் பயத்தின் வேலை. அவன் உண்மையிலேயே ஏதாவது தவறு செய்த பிறகு எரிச்சல் வந்தால் அது வேறு, அதை நம்பலாம்.

அடுத்தது அம்மாவின் பி.எட். பயம். இது அவனைப் பற்றியதே இல்லை, கல்யாணத்தைப் பற்றியது. நம் ஊரில் காதல் என்று சொன்ன மறுநிமிடம் கல்யாணம் வந்து நிற்கிறது, கல்யாணத்தின் பின்னால் படிப்பு போய்விடுமே என்ற பயம் நிற்கிறது. முதல் வருடத்தில் அந்த நண்பனிடம் பேச முடியாமல் போனதற்கும் இதுதான் காரணமாக இருந்திருக்கலாம். இந்தப் பயத்தைப் போக்கப் பார்க்காதே, அது உனக்குச் சரியான ஒன்றைச் சொல்கிறது. பட்டம், வேலை, கையில் சம்பளம், இதை விட்டுக்கொடுக்கும்படி எந்தக் காதலும் கேட்கக் கூடாது. கேட்டால் நகர்ந்துவிடு.

கடைசியாக சாதி. நீ ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டாய், நான் அப்படிப் போக முடியாது. சேலத்தில் இருந்துகொண்டு இதை எழுதும்போது ஓமலூர் கோகுல்ராஜை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பொறியியல் படித்த தலித் இளைஞர். வேறு சாதிப் பெண்ணோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்ததற்காக 2015 ஜூனில் கடத்திக் கொல்லப்பட்டார். 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அதனால், சாதியை நினைத்து ஒரு பெண் காதலிக்கத் தயங்கினால் அவளிடம் "கமிட்மெண்ட் பயத்தைப் போக்கிக்கொள்" என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் அவள் மனசில் இல்லை, வெளியே இருக்கிறது. பெண்ணுக்கு மட்டும் ஆபத்து என்றும் எண்ணிவிடாதே. அவன் வீடும் அவன் உயிரும் இதில் இருக்கின்றன. உங்கள் இரண்டு குடும்பங்களும் எப்படிப்பட்டவை, யார் கோபத்தில் கை ஓங்குவார், யார் கேட்டுக்கொள்வார் என்று நீங்கள் இருவரும் வெளிப்படையாகப் பேச வேண்டும். காதலைச் சொல்வதற்கு முன்னாலேயே பேச வேண்டிய விஷயம் இது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். வயது வந்த இருவர் மனமொத்துத் துணையைத் தேர்ந்தெடுத்தால் குடும்பத்தின், சமூகத்தின் சம்மதம் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சக்தி வாஹினி வழக்கில் சொன்னது. மிரட்டப்படுகிறவர்களுக்காக மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்றும் உத்தரவிட்டது. திருமண வயது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. இதெல்லாம் உனக்கு இன்று தேவைப்படாது. ஆனால் வழியே இல்லை என்ற எண்ணத்தோடு யோசிக்கிறவர்களுக்கு முடிவு எப்போதும் கோணலாகத்தான் வருகிறது.

சரி, அவனிடம் என்ன சொல்வது? உள்ளதைச் சொல்வதுதான். எழுதி வைத்துப் படிக்க வேண்டாம், இந்த மாதிரி: "எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. அன்னைக்கு நீ கேட்டது சந்தோஷமா இருந்துச்சு, அப்புறம் பயமாயிடுச்சு, போனை ஆஃப் பண்ணிட்டேன். அது தப்பு, சாரி. கல்யாணம்ங்கிற வார்த்தையே எனக்கு இப்ப முடியாது. படிச்சு வேலைக்குப் போகணும். ஆனா உன்னைத் தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு. இது உனக்குப் போதுமான்னு யோசிச்சுச் சொல்லு." கடைசி வரியை விழுங்கிவிடாதே. அவனுக்கு மறுக்க உரிமை இருக்கிறது. "எனக்கு இது போதாது" என்று அவன் சொன்னால் வலிக்கும், ஆனாலும் அது நேர்மையான பதில். அவனைக் கெட்டவனாக நினைக்க வேண்டாம்.

ஏற்றுக்கொண்டால், பெரிய வாக்குகளை விட்டுவிட்டு நிறைவேற்றக்கூடிய சின்ன வாக்குகளைக் கொடு. பேசப் பிடிக்காத நாட்கள் உனக்கு வரும். அப்போது காணாமல் போகாதே. "ரெண்டு நாள் எனக்குத் தனியா இருக்கணும், வியாழக்கிழமை சாயங்காலம் நானே கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போ, வியாழக்கிழமை கூப்பிடு. சொன்னதைச் செய்தோம் என்ற அனுபவம் சேரச் சேர, கமிட்மெண்ட் என்றதும் மூச்சு முட்டுவது குறைகிறது. நான் ஆலோசனை சொல்லும் மாணவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன், பேச்சால் போகாத பயம் இதில் போயிருக்கிறது.

"அப்படியே போகட்டும், பேர் எதுவும் வைக்க வேண்டாம்" என்று விட்டுவிடலாமே என்று தோன்றும். உன்னைப் போன்றவர்களுக்கு அதுதான் ரொம்ப வசதியாகத் தெரியும். ஸ்காட் ஸ்டான்லியும் உடன் ஆய்வாளர்களும் 2006-ல் எழுதிய கட்டுரையில், யோசித்து முடிவெடுத்து உறவில் முன்னே போவதையும், யோசிக்காமல் வழுக்கிக்கொண்டே போவதையும் பிரித்தார்கள். வழுக்கிப் போகிறவர்கள், தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வே வராமல் கட்டுகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பொதுவான நண்பர்கள், கொடுத்த பரிசுகள், ஒன்றாக எடுத்த போட்டோக்கள், இரண்டு வருடப் பழக்கம். பிறகு வேண்டாம் என்றாலும் வெளியே வருவது கஷ்டம். கமிட்மெண்ட்டுக்குப் பயந்து முடிவெடுக்காதவர்கள்தான் கடைசியில் அதிகமாக மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே ஒரு தேதி வை. ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் தொடர்வதா, நண்பர்களாக நிற்பதா என்று இருவரும் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். செமஸ்டர் முடியும்போது இன்னொருமுறை பேசுங்கள்.

சில விஷயங்களுக்குத் தேதி எல்லாம் வேண்டாம், உடனே நிறுத்து. இன்ஸ்டா பாஸ்வேர்டு கேட்டால், நீ இல்லாவிட்டால் செத்துவிடுவேன் என்று மிரட்டினால், "என்.எஸ்.எஸ். முகாமில் அப்படிப் பழகினாயே" என்று குத்திக்காட்டினால், பயத்தைச் சொன்ன பிறகும் உடனே பதில் சொல் என்று நெருக்கினால், அதற்கு மேல் அந்த உறவை யோசிக்கத் தேவையில்லை. உயிரை விடுவேன் என்று யார் சொன்னாலும் அதைத் தனியாகச் சுமக்காதே, அவன் வீட்டிலோ நண்பனிடமோ சொல்லிவிடு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். உன் பயத்தைப் பற்றிப் பேசவும் அதே எண் போதும்.

வீட்டில் இப்போதே சொல்ல வேண்டுமா என்று நீ கேட்கவில்லை, ஆனால் கேட்பாய் என்று தெரியும். இப்போது வேண்டாம். உனக்கே முடிவு தெரியாத ஒன்றை வீட்டில் வைத்தால் முடிவை அவர்கள் எடுத்துவிடுவார்கள். ஆனால் வயதில் மூத்த ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். சித்தியோ, கல்யாணமான அக்காவோ, நம்பிக்கையான பேராசிரியரோ. அவரிடம் பையனின் பெயர், ஊர், நீங்கள் சந்திக்கும் இடம் வரை சொல்லி வை. அம்மாவிடம் வேறு ஒரு பேச்சைத் தொடங்கலாம். அந்த பி.எட். படிப்பை ஏன் விட்டார், விடும்போது யாராவது ஒருவர் "முடித்துவிட்டுப் போ" என்று சொன்னார்களா என்று கேட்டுப் பார்.